கைக்கெட்டும் உயரம்

ஜெர்மனியில் அவர்கள் வாங்கியிருந்த பழைய வீட்டின் பாய்லரையும் குழாய்களையும் பார்த்துக்கொள்ளும் மார்ட்டின், எந்த வால்வு வேண்டும் என்று மறுபடியும் கேட்டு எழுதியிருந்தார். பனி விழுவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். நிலவறையில் இருக்கும் பாய்லர் இனி உதவாது என்று சோதனைக்கு வந்தவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பாய்லரை மாற்றும்போதே, அறைக்கு அறை சுவரோரம் நின்று வெந்நீரால் சூடு தரும் ரேடியேட்டர்களின் வால்வுகளையும் மாற்றிவிடலாம் என்பது மார்ட்டினின் யோசனை. எந்த மாதிரி, எந்த உயரத்தில் என்பதை வீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரர்கள் இருவரும் வேலூரில் இருந்தார்கள். பாகாயத்தில் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளம். ஐப்பசி பிறந்தும் மழை இறங்காத புழுக்கம். மின்விசிறிக்கு நேர் கீழே சூரியபிரகாஷ் குப்புறப் படுத்திருந்தான். நாளில் பாதி நேரம் அப்படித்தான் படுக்க வேண்டும், இல்லையென்றால் முதுகு புண்ணாகிவிடும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். மார்புக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சி கிடையாது.

மனைவி பூர்ணிமா மடிக்கணினியை அவன் முகத்துக்கு நேராக ஒரு ஸ்டூலில் வைத்தாள்.

“மூணு விதம் இருக்குதுங்க. ஒண்ணு சாதாரணது. இப்ப இருக்கிற மாதிரியே கீழ, தரைகிட்ட திருகுறது. ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் நம்பர் போட்டிருக்கும். ரெண்டாவது, திருகி மட்டும் சுவத்துல இடுப்பு உயரத்துல இருக்கும். அங்கேர்ந்து மெல்லிசா ஒரு குழாய் வால்வுக்குப் போவும். வீல்சேர்ல உக்காந்தே திருப்பலாம். மூணாவது பேட்டரி மோட்டார். போன்லயே கூட்டலாம், கொறைக்கலாம்.”

“ம்.”

“தண்ணி சூட்டையும் ஒரு அளவுக்கு மேல ஏறாம வெச்சுக்கலாமாம். ரேடியேட்டர் பெருசா போடணும், அவ்ளோதான். அப்ப கால் பட்டாலும்…”

அவள் நிறுத்திக்கொண்டாள்.

“பட்டாலும் வேகாது,” என்று அவன் முடித்தான். “சரி, அப்புறம் பாக்கலாம்.”

சூரியபிரகாஷ் குடியாத்தத்துக்காரன். அப்பா நந்தகோபால் விசைத்தறி வைத்து லுங்கி நெய்கிறவர். பையன் தறிப் பக்கம் போகாமல் தோல் தொழில்நுட்பம் படித்தான். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் சாயப் பிரிவில் நாலைந்து வருடம் இருந்தான். தோலுக்குச் சாயம் தயாரிக்கும் ஜெர்மன் கம்பெனி ஒன்று அவனை அழைத்துக்கொண்டது. காவேரிப்பாக்கத்துப் பெண் பூர்ணிமாவைக் கல்யாணம் செய்து கூட்டிப் போனான். அவளுக்கு அங்கே மருத்துவமனை ஒன்றின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. இருவருமாகச் சேர்ந்து ஊருக்கு வெளியே ஒரு வீடு வாங்கினார்கள். அந்த வீட்டின் வாசற்படியில் உறைந்திருந்த பனியில்தான் அவன் வழுக்கி, கல் விளிம்பில் முதுகு மோத விழுந்தான். பிறகு எழுந்து நிற்கவில்லை.

விழுந்ததைப் பற்றி இருவரும் எவ்வளவோ பேசியிருக்கிறார்கள். அதற்கு அடுத்த குளிர்காலத்தில் நடந்ததைப் பற்றித்தான் பேசியதில்லை.

தண்டுவடம் அடிபட்ட உடம்புக்குத் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. அன்று காலை அவன் உதடெல்லாம் நீலம் பாரித்து நடுங்கிக்கொண்டிருந்தான். பூர்ணிமா குனிந்து முன்னறை ரேடியேட்டரின் வால்வை ஐந்துக்குத் திருப்பிவிட்டுச் சாமான் வாங்கக் கடைக்குப் போனாள். அவள் போன பிறகு, சக்கர நாற்காலியின் மிதியிலிருந்து அவனது இடது கால் நழுவி ரேடியேட்டரின் மேல் சாய்ந்தது. அவனுக்குத் தெரியவில்லை. புத்தகம் படித்தபடி கண்ணயர்ந்துவிட்டான். பைகளோடு அவள் கதவைத் திறந்த சத்தத்தில் விழித்து, “பக்கத்து வீட்ல என்னத்தையோ கருக விட்டுட்டாங்க போல, நாத்தம் வருது பாரு,” என்றான்.

குதிகாலும் கணுக்காலின் வெளிப்பக்கமும் ஆழமாக வெந்திருந்தன. வைத்தியம் பார்த்தார்கள். ஆறுவதுபோல் ஆறி மறுபடி மறுபடி உடைந்தது. ஊருக்குப் போகலாம் என்று அவன்தான் கேட்டான். பூர்ணிமா நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டாள். வேலூரில் தொடையிலிருந்து தோல் எடுத்துக் காலில் ஒட்டினார்கள். ஒட்டிய தோல் நின்றது. குதிகாலில் மட்டும் ஒரு சின்னப் புண்வாய் மூடாமல் கசிந்துகொண்டே இருந்தது. காலையிலும் மாலையிலும் பூர்ணிமா கட்டு மாற்றினாள். கார்த்திகைக் கடைசியில் அவள் விடுப்பு முடிகிறது. அதற்குள் கால் ஆறிவிடும், இருவருமாகத் திரும்பிப் போகலாம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். அப்படிப் போகும்போது வீடு அவனை எதுவும் செய்யாத வீடாக இருக்க வேண்டும். இரவும் பகலும் வால்வுகளைப் பற்றியே படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் குடியாத்தத்திலிருந்து மாமனார் நந்தகோபாலும் மாமியார் தனகோடியும் பஸ் பிடித்து வருவார்கள். தனகோடி வந்ததும் மகனின் காலைப் பார்ப்பாள், பிறகு நேராகச் சமையலறைக்குப் போய்விடுவாள். நந்தகோபாலுக்கு மருமகள் திரையில் பார்க்கும் படங்கள் விளங்கவில்லை.

“இன்னாம்மா இது, குழாயா?”

“வீட்டச் சூடு பண்றதுக்கு மாமா. அந்த ஊர் குளிருக்கு இது இல்லாம இருக்க முடியாது.”

“இங்க காத்து வரலன்னு ரெண்டு ஃபேன் போட்டுட்டு உக்காந்திருக்கறோம்.” அவர் சிரித்தார். மகன் சிரிக்காததைப் பார்த்து அடங்கிக்கொண்டார்.

சமையலறையில் தனகோடி குழம்பைக் கிளறியபடி, தனக்குத்தானே சொல்வதுபோல், ஆனால் கேட்கும்படியாகச் சொன்னாள்: “காலச் சுட்டுட்டு இப்ப குழாய் வாங்குறா.”

பூர்ணிமா தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்தாள். அந்த வார்த்தையைத்தான் அவளும் தினமும் தனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மருத்துவமனையில் அவனுக்குப் பயிற்சி கொடுக்கும் ஜோதி, படத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்றாள். “சார் கை எது வரைக்கும் எட்டுதுன்னு மொதல்ல பாருங்க மேடம். உக்காந்த இடத்துலேர்ந்து எட்டணும், சாயக் கூடாது. சாஞ்சா திரும்ப நிமிர வயித்துல பலம் இல்ல அவருக்கு.”

இதைக் கேள்விப்பட்ட அமீர் பாஷா தானே ஒரு ஏற்பாடு செய்தான். சூரியபிரகாஷோடு ஆம்பூரில் ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவன். இப்போது தோல் தொழிற்சாலைகளுக்கு பாய்லர் சாமான் விற்கும் கடை வைத்திருக்கிறான். ஒரு கனத்த ஒட்டுப்பலகையில், ஜெர்மன் வீட்டு அளவுப்படி, தரையோரம் ஒரு பித்தளை வால்வையும் இடுப்பு உயரத்தில் ஒரு திருகியையும் போல்ட் போட்டு முடுக்கி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து சுவரில் சாய்த்து வைத்தான்.

“அந்த ஊர் மாடல் என்கிட்ட இல்ல சிஸ்டர். ஸ்டீம் லைன் வால்வுதான். திருப்பறது ஒண்ணுதான்.” பிறகு நண்பனைப் பார்த்தான். “வாடா தோஸ்த். பதினோரு டன் பாய்லர் ஓட்ன கம்பெனில இருந்தவன் நீ, இத திருப்ப மாட்டியா?”

சூரியபிரகாஷ் நாற்காலியைப் பலகைக்கு அருகே தள்ளிக்கொண்டு வந்தான். மேலே இருந்த திருகியைச் சிரமமில்லாமல் திருப்பினான். இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று. பூர்ணிமாவின் முகம் மலர்ந்தது. வெகுநாளைக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது.

“இதே போதும்ங்க. எல்லா ரூமுக்கும் இதையே சொல்லிடறேன்.”

“இரு. கீழ இருக்கறதையும் பாத்துடறேன்.”

“அது வேணாம், ஜோதி சொல்லிச்சு இல்ல.”

அவன் ஏற்கெனவே மார்பைச் சுற்றியிருந்த பட்டையைக் கழற்றிவிட்டிருந்தான். இடது கையால் நாற்காலியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வலது கையைக் கீழே நீட்டினான். விரல் நுனி வால்வைத் தொட்டது. இன்னும் கொஞ்சம் நீட்டினான். உடம்பு ஒரே அடியாக முன்னால் மடிந்து, மூட்டை சரிவதுபோல் தரையில் சரிந்தது. போகிற போக்கில் புருவம் பித்தளையில் மோதியது.

அமீர் பாஷா ஓடிவந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். பூர்ணிமா கால்களைப் பிடித்தாள். கட்டிலில் கிடத்தும்போதுதான் சிறுநீர் சேரும் பை குழாயிலிருந்து கழன்றிருந்தது தெரிந்தது. சிறுநீர் தரையெல்லாம் ஓடி, பலகையின் அடியையும் நனைத்திருந்தது. அமீர் பாஷா தோளில் கிடந்த துண்டை எடுத்து, மண்டியிட்டு, மூலை முடுக்கு விடாமல் துடைத்தான். சூரியபிரகாஷ் புருவத்தில் ரத்தம் வழிய, கூரையைப் பார்த்தபடி கிடந்தான்.

பலகையை ஆட்டோவில் ஏற்றும்போது அமீர் பாஷா சொன்னான்: “பேஜாராப் போச்சு சிஸ்டர். நான் இத கொண்டாந்திருக்கவே கூடாது.”

அன்று சாயங்காலம் பூர்ணிமா காலுக்குக் கட்டு மாற்றி முடித்து, பழைய பஞ்சைப் பையில் போட்டுக் கட்டியபோது, சூரியபிரகாஷ் பேசினான்.

“பூர்ணி, அங்க போனா காலைல நீ எட்டரை மணிக்குக் கிளம்பிடுவ. அப்புறம்?”

“உதவிக்கு ஆள் வரும். காலைல ஒருவாட்டி, மத்தியானம் ஒருவாட்டி. எல்லாம் பேசி வெச்சிருக்கேன்.”

“வருவாங்க. தொடைச்சு விட்டுட்டு போவாங்க. மீதி நேரம்? நீ லேப்ல ரத்தம் பாப்பியா, போன்ல என் ரூம் சூட்ட பாப்பியா?”

“ரெண்டையும் பாப்பேன்.”

“பாப்ப. எனக்கு அதான் பயமா இருக்குது.”

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். இத்தனை மாதமாகத் தொண்டைக்குள் வைத்திருந்ததைச் சொன்னாள். “அன்னிக்கு அஞ்சுல வெச்சது நான்தான்.”

“தெரியும். நான்தான் கூட்டி வெய்யின்னு சொன்னேன்.”

பூர்ணிமா யோசித்துப் பார்த்தாள். அவன் அப்படிச் சொன்னதாக அவளுக்கு நினைவில்லை. பேச முடியாத அளவுக்கு அவன் பல் கிட்டிப்போய் நடுங்கிக்கொண்டிருந்ததுதான் நினைவிருந்தது. உண்மையாகவே சொன்னானா, இல்லை அவளுக்காக இப்போது சொல்கிறானா? அவன் முகத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

“மார்ட்டினுக்குச் சாதாரணதே போடச் சொல்லி எழுது,” என்றான் அவன். “கீழயே இருக்கட்டும்.”

“கீழ இருந்தா உங்களுக்கு எட்டாது. இன்னிக்குத்தான் பாத்தோமே.”

“உனக்கு எட்டும் இல்ல?”

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவளை மட்டும் போகச் சொல்கிறான்.

“நீங்க வரலன்னா நானும் போவல. இங்கயே வேலை பாத்துக்கறேன். வேலூர்ல லேபுக்கா பஞ்சம்?”

“வேணாம்.”

“ஏன் வேணாம்?”

அவன் கண்களை மூடிக்கொண்டான். “கட்டு மாத்தும்போது நீ என் கால பாக்கற பாரு, அத நான் தெனம் பாக்கறேன். ஒருநாள்கூட நீ என்ன சாதாரணமா பாக்கல. தப்பு பண்ணவ பாக்கற மாதிரியே பாக்கற. என் கால் செத்ததுக்குக்கூட நான் அழுது முடிச்சுட்டேன் பூர்ணி. இத என்னால தாங்க முடியல. அம்மா கட்டு மாத்தினா அவங்க திட்டிக்கிட்டே மாத்துவாங்க. எனக்கு அது போதும்.”

பூர்ணிமா எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள். அவன் சொன்னது பொய் என்றால் சண்டை போட்டிருப்பாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களிடம் அவனே சொன்னான். நந்தகோபால் மகனின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவன் தலைமுடியைக் கோதியபடி, “எங்க புள்ளைய நாங்க பாத்துக்கறோம்மா. நீ போயி வேலையப் பாரு. ரெண்டு பேரும் வேலைய விட்டா ஆவாது,” என்றார். மகன் வீட்டோடு வருகிறான் என்ற நிறைவும், எந்த நிலையில் வருகிறான் என்ற துக்கமும் அவர் குரலில் மாறி மாறி வந்தன.

தனகோடி அவளைச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

“அவன் ‘போ’ன்னா நீ போயிடறதா? ஒரு பேச்சுக்காவது இருக்கறேன்னு சொன்னியா நீ?”

சொன்னேன் அத்தை என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால், அவன் ஏன் வேண்டாம் என்றான் என்பதையும் சொல்ல வேண்டும். பூர்ணிமா பாத்திரங்களைக் கழுவத் தொடங்கினாள். தனகோடி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தாள்.

மார்ட்டினுக்கு எழுதும்போது வீடு முழுவதற்கும் சாதாரண வால்வுதான் என்று தட்டினாள். முன்னறைக்கு வந்ததும் கை நின்றது. அந்த அறைக்கு மட்டும் சுவரில் இடுப்பு உயரத்தில் திருகி, பெரிய ரேடியேட்டர், முன்னால் மரச்சட்டத் தடுப்பு என்று எழுதி அனுப்பினாள்.

“எழுதிட்டியா?” என்று அவன் கேட்டான்.

“எழுதிட்டேன்.”

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை.

கார்த்திகைக் கடைசியில், அடைமழையில், அவளைச் சென்னை ரயிலில் ஏற்றிவிட நந்தகோபால் காட்பாடி வரை வந்தார். அதற்குள் சூரியபிரகாஷைக் குடியாத்தத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தறிக்கூடத்தை ஒட்டிய அறை. விடிந்ததிலிருந்து தறிகள் ஓடும். போன் பேசினால் பாதி வார்த்தை அந்தச் சத்தத்தில் போய்விடும். அதனால் தறி நிற்கும் மத்தியான நேரத்தில் அவன் கூப்பிடுவான். அங்கே அப்போது காலை. அவள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் பேசுவாள். கால் எப்படி இருக்கிறது என்று அவள் கேட்பாள். இருக்கிறது என்பான். அவன் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருப்பது திரையில் தெரியும். அப்படிச் சாயக் கூடாது, குப்புறப் படுக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொள்வாள்.

ஒருநாள் வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போது அவன் கண் அவளைத் தாண்டிப் போனது.

“உன் பின்னாடி சுவத்துல அது இன்னா?”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “முன் ரூமுக்கு மட்டும் அத போடச் சொன்னேன்.”

“எடுத்துடச் சொல்லு.”

“மாட்டேன்.”

“பூர்ணி, நான் வரமாட்டேன். அது அங்க இருந்தா நீ அதயே பாத்துட்டு இருப்ப.”

“இருந்துட்டுப் போவுது. என் வீட்டுச் சுவர்தானே?”

அவன் போனை வைத்துவிட்டான். பிறகு அழைப்புகள் குறைந்தன. வாரத்துக்கு ஒன்றாகி, அதுவும் தவறத் தொடங்கியது. பொங்கலன்று அவள் கூப்பிட்டபோது தனகோடி எடுத்து, “தூங்கறான்,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தை மாதம் முடிவதற்குள், குதிகாலில் மூடாமல் இருந்த அந்த வாய் வழியாகச் சீழ் எலும்புக்குள் இறங்கிவிட்டது. காய்ச்சல் வந்தது. வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிருக்கு ஆபத்து என்று முழங்காலுக்குக் கீழே இடது காலை எடுத்துவிட்டார்கள். பூர்ணிமாவுக்கு யாரும் சொல்லவில்லை. கட்டுப் பிரித்து வீட்டுக்கு அனுப்பிய பிறகு அமீர் பாஷாதான் மனசு கேட்காமல் கூப்பிட்டுச் சொன்னான்.

அவள் சூரியபிரகாஷைக் கூப்பிட்டாள். தறிச் சத்தத்தில் கத்த வேண்டியிருந்தது.

“ஏங்க என்கிட்ட சொல்லல?”

“வலிக்கல. சொல்றதுக்கு இன்னா இருக்குது?”

கிடைத்த விடுப்பில் பங்குனி வெயிலில் வந்து சேர்ந்தாள். குடியாத்தத்து வீட்டில் அவனுக்கு எதிரே உட்கார்ந்தபோது அவன் போர்வையை விலக்கிக் காட்டினான். தையல் நன்றாக ஆறியிருந்தது. தனகோடி திட்டிக்கொண்டேதான் மருந்து போட்டிருப்பாள்; ஆனால் ஒரு பிசகு இல்லை.

அவன் முன்பைவிட இளைத்திருந்தான், முகம் தெளிந்திருந்தது. நந்தகோபால் லுங்கிக் கணக்கை அவன் கையில் கொடுத்திருந்தார். எந்த நூலுக்கு எந்தச் சாயம் நிற்கும் என்று அவன் தறிக்காரர்களோடு உரக்கப் பேசுவதை அவள் அடுத்த அறையிலிருந்து கேட்டாள். அவளோடு அவன் அன்பாகத்தான் பேசினான், வந்த விருந்தாளியோடு பேசுகிற மாதிரி.

போகிற நாளுக்கு முந்தின நாள் அவள் கேட்டாள். “இப்ப இருந்துடட்டுமா? இனிமே நான் பாக்கறதுக்கு அந்தக் கால்கூட இல்ல.”

“இப்பகூட அங்கதான் பாத்து பேசற,” என்றான்.

மறுநாள் காட்பாடி வரைக்கும் தனகோடி கூட வந்தாள். நந்தகோபாலை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டிருந்தாள். பிளாட்பாரத்து சிமெண்ட் பெஞ்சில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வண்டி தாமதம். தனகோடி தண்ணீர் பாட்டிலைத் திறந்து தான் ஒரு வாய் குடித்துவிட்டு மருமகளிடம் நீட்டினாள். பூர்ணிமா வாங்கிக் குடித்தாள்.

வண்டி வந்ததும் தனகோடி முதலில் எழுந்து, கனமான பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு கூட்டத்தில் இடித்துத் தள்ளி, மருமகளுக்கு இடம் பிடிக்க முன்னால் ஏறினாள்.